யூரிக் ஆசிட் கூடினால் கவுட்தானா? கால் கட்டைவிரல் வலியோடு ஒரு டீச்சர் கேட்ட கேள்விகள்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 53. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இரண்டரை வருடமாக வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டில் வலி. முதலில் கோயில், கல்யாணம் என்று அதிகம் நடந்தால் மட்டும் வலித்தது. இப்போது ஒரு பீரியட் நின்று பாடம் நடத்தினாலே வலிக்கிறது. பஸ் படி ஏறும்போதும், குத்தவைத்துக் கோலம் போடும்போதும் சுரீர் என்கிறது. மூட்டின் மேல்பக்கம் கெட்டியாக ஒரு மேடு வளர்ந்திருக்கிறது. ஷூ போட்டால் அங்கேதான் உரசுகிறது. உட்கார்ந்தால், படுத்தால் வலி அடங்கிவிடுகிறது. சென்ற வருடம் ஒரு மருத்துவ முகாமில் ரத்தம் பார்த்தபோது யூரிக் ஆசிட் 7.1 இருந்தது. ‘கவுட்’ (யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் படிந்து வரும் வீக்கமும் வலியும்) என்று சொல்லி, பக்கத்து கிளினிக்கில் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் ஃபெபுக்ஸோஸ்டாட் 40 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார். யூரிக் ஆசிட் 5.2-க்கு இறங்கிவிட்டது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

அத்தோடு பருப்பு, பயறு, கீரை, தக்காளி, காலிஃபிளவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். சைவம் சாப்பிடுகிறவர், எப்போதாவது முட்டை. நான்கு கிலோ எடை குறைந்து, சாயங்காலம் ஆனால் துவண்டுபோகிறது என்கிறார். பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையாசைடும் சேர்ந்த மாத்திரை. கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் அசெக்ளோஃபினாக் மாத்திரை, அநேகமாக எல்லா ராத்திரியும். இதற்கிடையே ஒரு தனியார் மருத்துவமனையில் விரலைத் திருகிப் பார்த்துவிட்டு, “மூட்டை ஒட்டவைத்து ஸ்க்ரூ போட்டுவிடலாம்” என்றிருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. “எங்கள் அண்ணனுக்கும் கவுட் இருக்கிறது, அதனால் எனக்கும் அதுதான் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்தால் விரல் கட்டை மாதிரி ஆகிவிடுமாமே? தரையில் உட்கார முடியுமா? விருப்ப ஓய்வு கொடுத்துவிடலாமா டாக்டர்?” என்று முடிக்கிறார்.

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வகுப்பில் நோட்டுத் திருத்துகிற ஒழுங்கோடு எழுதியிருக்கிறீர்கள். எப்போது வலிக்கிறது, எப்போது வலிக்கவில்லை என்று நீங்கள் பிரித்து எழுதியிருப்பது எனக்குப் பாதி வேலையைக் குறைத்துவிட்டது. காலைத் தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் படித்தவரை இது கவுட் போலத் தெரியவில்லை. கட்டைவிரல் அடிமூட்டின் தேய்மானமும், அதனால் வந்த இறுக்கமும் என்றே தோன்றுகிறது. எங்கள் பாஷையில் ஹாலக்ஸ் ரிஜிடஸ் என்போம். முழங்கால் தேய்கிற மாதிரி இந்தச் சின்ன மூட்டும் தேயும். தேய்கிற இடத்தில் உடம்பு புதிதாக எலும்பை வளர்த்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் அந்த மேடு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கவுட் எப்படி வரும்

ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மூட்டு சிவந்து, கொதித்து, பளபளவென்று வீங்கியிருக்கும். போர்வை நுனி பட்டால்கூட அலறுவார். ஒரு நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போய்விடும். மருந்தே எடுக்காவிட்டாலும் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில், சில பேருக்கு வருடக்கணக்கில், ஒன்றுமே இருக்காது. அந்த இடைவெளிதான் கவுட்டின் அடையாளம்.

உங்களுக்கு அந்த இடைவெளியே இல்லை. நடந்தால் வலி, உட்கார்ந்தால் நிம்மதி. விரல் மேல்நோக்கி மடங்கும் ஒவ்வொரு வேலையிலும் வலி. பஸ் படியில் குதிகாலைத் தூக்கும்போதும், குதிகால் தூக்கிக் குத்தவைத்துக் கோலம் போடும்போதும் மடங்குவது இந்த மூட்டுதான். கதவின் கீலில் ஒரு கல் சிக்கிக்கொண்டால் கதவு பாதியிலேயே நின்றுவிடும், தள்ளினால் கீல்தான் நோகும். உங்கள் விரலில் அந்தக் கல்லின் வேலையைச் செய்வது மேலே வளர்ந்த எலும்பு.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, இடது கால் கட்டைவிரலைக் கையால் மெதுவாக மேலே தூக்குங்கள். நல்ல மூட்டு அறுபது, எழுபது டிகிரி வரை மடங்கும். அப்புறம் வலது காலில் அதையே செய்யுங்கள். பாதியிலேயே தடுத்து, மேல்பக்கம் வலித்தால் என் ஊகத்துக்குப் பலம் கூடும்.

போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகு மூட்டு சிவந்து வீங்கி இரண்டு நாளில் வடிந்தது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒதுக்கிவிடவில்லை. தேய்ந்த மூட்டும் அதிகம் உழைத்தால் வீங்கும். ஆனால் யூரிக் ஆசிட் உப்புகளும் தேய்ந்த மூட்டில் வந்து படிவதுண்டு, ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். மறுபடி அப்படி வீங்கினால் வடியும்வரை காத்திருக்காதீர்கள். போனில் ஒரு படம் எடுத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் ஒரு சொட்டு நீர் எடுத்து, அதற்கென்று உள்ள மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஊசி வடிவப் படிகங்கள் தெரியும். கவுட் என்று அடித்துச் சொல்ல அதுதான் வழி. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஓரளவுக்கு உதவும்.

7.1 என்ற அந்த எண்

நம் ஊரில் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்கள் பெருகியதிலிருந்து இந்த எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். யூரிக் ஆசிட் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் ரத்தத்தில் முழுவதும் கரையாமல் படிய வாய்ப்பு உண்டு. உண்மைதான். ஆனால் அந்த அளவைத் தாண்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட கவுட் வருவதில்லை. வேடிக்கை என்னவென்றால், உண்மையான கவுட் தாக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்தால் அளவு சாதாரணமாக இருப்பதும் உண்டு. அதனால்தான் வலி அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வோம். இந்த எண்ணை மட்டும் வைத்து கவுட் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அது சரி, உங்களுக்கு ஏன் 7.1 வந்தது? உங்கள் பிரஷர் மாத்திரையே காரணமாக இருக்கலாம். அதில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதையாசைடு சிறுநீரை அதிகமாக்கும் மருந்து. யூரிக் ஆசிட் வெளியேறுவதை அது குறைக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இந்த அளவு இயல்பாகவே கொஞ்சம் ஏறும். ஒரு மாத்திரை ஏற்றிவிட்டதை இறக்க இன்னொரு மாத்திரை கொடுப்பது எனக்கு உவப்பான வைத்தியம் இல்லை. கவுட் தாக்குதலே வராதவருக்கு வெறும் எண்ணுக்காக யூரிக் ஆசிட் குறைக்கும் மருந்து தேவையில்லை என்பதுதான் பெரும்பாலான மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலை. ஃபெபுக்ஸோஸ்டாட்டைப் பொறுத்தவரை, இதய நோய் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை தேவை என்று 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துக் குறிப்புத் தாளில் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையே சேர்க்கச் சொன்னது. அதற்காக நாளைக்கே இரண்டு மாத்திரைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரஷர் மாத்திரையை மாற்றலாமா, ஃபெபுக்ஸோஸ்டாட் தொடர வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் உங்கள் பிரஷர் டாக்டரிடம் கேளுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு நாளும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

எனக்குக் கவலை தந்த வரி

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர வைத்தது கட்டைவிரல் இல்லை, “அநேகமாக எல்லா ராத்திரியும்” என்ற வரி. டெல்மிசார்டன், சிறுநீர் பெருக்கும் மருந்து, வலி மாத்திரை. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் மூன்று பக்கமும் நெருக்கப்படும். ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மூன்றையும் தினமும் எடுத்து, அத்தோடு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, ஒரு வயிற்றுப்போக்கு வந்தாலோ, கிட்னி சட்டென்று படுத்துவிடும். ஸ்கூலில் பாத்ரூம் போக வசதிப்படாததால் தண்ணீரே குடிக்காத டீச்சர்களை எனக்கு நிறையத் தெரியும். போதாததற்கு வலி மாத்திரை பிரஷரையும் ஏற்றும்.

அசெக்ளோஃபினாக்கை இன்றோடு நிறுத்துங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய இந்த வாரத்துக்குள் ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் மூன்றும் பாருங்கள், பெரிய செலவு இல்லை. வலி அதிகமான நாளில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று போடலாம். கல்லீரல் கோளாறு இல்லாதவராக இருந்தால், இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை போட்டாலும் பாதகமில்லை. டிக்ளோஃபினாக் ஜெல்லை மூட்டின் மேல் தடவலாமா என்று ரத்த முடிவு வந்ததும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மூட்டு தோலுக்கு அடியிலேயே இருப்பதால் ஜெல் ஓரளவுக்கு எட்டும். உள்ளே விழுங்குவதைவிட உடம்பில் சேரும் அளவும் மிகக் குறைவு.

உங்கள் நாத்தனார் சொன்ன மூட்டுவலிப் பொடி பற்றி: என்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்துபோகிறது என்றால் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

பருப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

பாவம், நீங்கள் எதற்காகச் சாம்பாரை விட்டீர்கள்? பயறு, பருப்பு, கீரை, காலிஃபிளவரில் ப்யூரின் என்ற பொருள் இருக்கிறது, அது யூரிக் ஆசிட்டாக மாறும் என்று சொல்லியிருப்பார்கள். கணக்குக்கு அது சரி. ஆனால் அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில், கறியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குத்தான் கவுட் கூடியது. ப்யூரின் நிறைந்த காய்கறிகள் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் எடுத்தவர்களுக்குக் குறைந்தே இருந்தது. கவுட் உள்ளவர்களே பயப்படத் தேவையில்லாத பருப்பை, கவுட் இருப்பதாகவே தோன்றாத நீங்கள் ஒதுக்கியிருக்கிறீர்கள். சைவம் சாப்பிடும் 53 வயதுப் பெண்ணுக்குப் பருப்பும் பயறும் போனால் புரதத்துக்கு என்ன மிச்சம்? அந்தத் துவளல் அதனால் இருக்கலாம். நான்கு கிலோ குறைந்ததற்கு உணவுக் குறைப்பு ஒரு நியாயமான காரணம்தான், இருந்தாலும் ரத்தப் பரிசோதனையோடு ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டும் பார்த்துவிடுங்கள். தக்காளி ரசம் இன்றைக்கே வைக்கலாம்.

மெத்தென்ற செருப்பு ஏன் உதவவில்லை

எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பு வாங்கியும் பலன் இல்லை, பணம் வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். செருப்பு நல்ல செருப்புதான், உங்கள் நோய்க்குப் பொருத்தம் இல்லாதது. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமல் காக்கப் பயன்படுத்திப் பிரபலமாக்கிய ரப்பர் அது. அழுத்தத்தைப் பரப்பிவிடுவது அதன் வேலை. குதிகால் வலிக்கும், சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அருமையாக உதவும். உங்கள் மூட்டுக்கு வேண்டியது மென்மை இல்லை, விரலை மடங்கவிடாத விறைப்பு. மெத்தென்ற செருப்பு காலோடு சேர்ந்து வளையும், விரலும் அதோடு வளையும், வலி வரும்.

கடையில் செருப்பையோ ஷூவையோ இரண்டு கையாலும் பிடித்து விரல் பக்கத்தை மேலே மடக்கிப் பாருங்கள். சுலபமாக மடங்கினால் வைத்துவிடுங்கள். அடிப்பாகம் கெட்டியாகவும், முன்பக்கம் படகின் மூக்கு போலக் கொஞ்சம் மேலே வளைந்தும் இருக்க வேண்டும். அப்போது கால் மடங்காமல் உருண்டு முன்னே போகும். இந்த அமைப்பை ராக்கர் சோல் என்பார்கள். உள்ளே மேடு உரசாத அளவுக்கு உயரமும் அகலமும் வேண்டும், மேல்பக்கத் தையல் மேட்டின் மேல் வரக் கூடாது. கட்டைவிரலுக்கு வளையம் வைத்த செருப்பும், விரலால் கவ்விப் பிடித்து நடக்க வேண்டிய ஹவாய் செருப்பும் உங்களுக்கு ஆகாது. பின்பட்டை வைத்த சாண்டல்ஸ் போடுங்கள், புடவைக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இருக்கிற ஷூவையே மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. கட்டைவிரலுக்கு அடியில் மட்டும் நீளும் கெட்டியான தகடு வைத்த இன்சோல் செய்து தருவார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் செயற்கைக் கால், காலணி செய்யும் பிரிவு இருக்கும். எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அங்கே அளவெடுப்பார்கள். வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்பதைக் குறையுங்கள், சமையலறைக்கென்று கெட்டி அடியுள்ள ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோலத்தை விட வேண்டாம். குதிகால் தூக்கிக் குத்தவைக்காமல் ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து போடுங்கள், அல்லது குனிந்து போட முதுகு ஒத்துழைத்தால் அப்படியும் போடலாம். தரையில் சம்மணமிட்டு உட்காருவது இந்த மூட்டைத் தொந்தரவு செய்யாது. எழுந்திருக்கும்போதுதான் கவனம் வேண்டும். வலது பாதத்தை முழுவதும் தரையில் பதித்து, இடது காலால் உந்தி எழுந்திருங்கள். இந்தியன் டாய்லெட்டிலும் இதுதான் கணக்கு: குதிகால் தரையில் படிந்து உட்கார முடிந்தால் விரல் மடங்காது, குதிகால் தூக்கினால் மொத்த பாரமும் அங்கேதான் இறங்கும். (தொழுகையில் விரலை மடக்கி அமர்கிறவர்களுக்கும், சர்ச்சில் முழங்கால் போடுகிறவர்களுக்கும் இதே வலி வரும். அவர்களும் பாதத்தைப் பின்னால் நீட்டி வைத்தால் மூட்டு தப்பிக்கும்.)

பிசியோதெரபிஸ்ட் மூட்டை மெதுவாக இழுத்து அசைத்துத் தளர்த்துவார், கெண்டைக்கால் தசைக்கும் பயிற்சி தருவார். வலியை மீறி விரலை மேலே மடக்கும் பயிற்சியை யூடியூப் பார்த்துச் செய்யாதீர்கள். எலும்பு எலும்பில் இடிக்கும், அவ்வளவுதான் லாபம். இவ்வளவும் போதாவிட்டால் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம். ஆரம்பத் தேய்மானத்தில் சில மாதம் நிம்மதி தரும், முற்றியதில் சில வாரம்தான். அடிக்கடி போடக் கூடாது.

ஆபரேஷன்: அந்த டாக்டர் சொன்னது தப்பா?

எக்ஸ்ரே பார்க்காமல் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எக்ஸ்ரே எடுத்ததாகவே ஒரு வரி இல்லை. எடுத்திருந்தாலும், பாரம் தாங்கி நின்றபடி எடுத்த படமா என்று பார்க்க வேண்டும். படுத்தபடி எடுத்தால் மூட்டு இடைவெளி உள்ளதைவிட நன்றாகத் தெரியும். மூட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆபரேஷனின் வகையே முடிவாகும்.

தேய்மானம் பாதி அளவில் இருந்தால், மேலே வளர்ந்த எலும்பை மட்டும் செதுக்கி எடுத்துவிடலாம். மூட்டு அப்படியே இருக்கும், மடங்கும் அளவும் கொஞ்சம் கூடும். கெட்டி அடியுள்ள ஒரு ஷூவோடு சீக்கிரமே நடக்கவிடுவார்கள். தேய்மானம் பிறகு மேலும் வளரலாம் என்பது இதன் குறை. அப்படி வளர்ந்தால் மூட்டை ஒட்டவைக்கும் வழி அப்போதும் திறந்தே இருக்கும்.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு முழுக்கப் போய்விட்டால்தான் மூட்டை ஒட்டவைப்பது, அதாவது இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது. பெயரைக் கேட்டால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு வலி போய்விடுகிறது. விரல் லேசாக மேல்நோக்கிய கோணத்தில் நிற்கும். நுனி மூட்டு வழக்கம்போல அசையும். சாதாரண நடை, பஸ், படிக்கட்டு, சம்மணம், சமையல் எல்லாம் முடியும். குதிகால் தூக்கிக் குத்தவைப்பதும் ஹை ஹீல்ஸும்தான் போகும். இரண்டாவது உங்களுக்கு நஷ்டமில்லை என்று நினைக்கிறேன். எலும்பு சேர ஆறு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை அதற்கென்று உள்ள ஷூவில்தான் நடை. கொஞ்சம் பேருக்கு எலும்பு சேராமல் போகலாம், தையலில் சீழ் வைக்கலாம், விரலின் ஓரத்தில் மரத்துப்போகலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இந்த ஆபத்துகள் அதிகம்.

இது அவசர ஆபரேஷன் இல்லை. நீங்கள் இன்னும் சரியான காலணியே போட்டுப் பார்க்கவில்லை, மூன்று நான்கு மாதம் அதற்குக் கொடுங்கள். அந்த மருத்துவமனையில் உங்கள் பரிசோதனைக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. அதை எடுத்துக்கொண்டு பாதம், கணுக்கால் அறுவை சிகிச்சையில் பழக்கமுள்ள இன்னொரு எலும்பு மருத்துவரிடம் போங்கள். இரண்டாவது கருத்து கேட்டால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். “எனக்கு எந்த நிலை தேய்மானம்? செதுக்கினால் போதுமா, போதாது என்றால் ஏன்?” இந்த இரண்டு கேள்விக்கும் படத்தைக் காட்டிப் பதில் சொல்கிறவரிடம் தைரியமாகக் காலைக் கொடுக்கலாம்.

இதெல்லாம் நிதானமாகச் செய்ய வேண்டியவை. ஆனால் மூட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, விரலில் புண்ணோ சீழோ வந்தாலோ, விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலோ, சும்மா படுத்திருக்கும்போதே பாதம் முழுவதும் வலித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூட்டில் சீழ் பிடித்ததை கவுட் என்று நினைத்து வீட்டில் வைத்திருந்து விரலையே இழந்தவர்கள் உண்டு.

விருப்ப ஓய்வு கேட்டீர்கள். பென்ஷன் கணக்கு எனக்குத் தெரியாது. காலுக்காக என்றால் வேண்டாம். தலைமையாசிரியரிடம் பேசி வகுப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கரும்பலகைக்குப் பக்கத்தில் உயரமான ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள், காலை பிரேயரில் உட்கார அனுமதி கேளுங்கள். டாக்டர் சான்றிதழ் வேண்டுமென்றால் அதுவும் கிடைக்கும்.

கடைசியாக உங்கள் அண்ணன். “அவர் வலி வந்தால் மட்டும் அல்லோப்யூரினால் போடுவார், அடங்கியதும் நிறுத்திவிடுவார்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வீட்டில் யூரிக் ஆசிட் மருந்து உண்மையில் தேவைப்படுகிறவர் அவர்தான், அவர் அதைத் தலைகீழாகச் சாப்பிடுகிறார். அல்லோப்யூரினால் வலியை நிறுத்தும் மருந்து இல்லை. வலிக்குக் கோல்சிசினோ, டாக்டர் தரும் வேறு மருந்தோதான். அல்லோப்யூரினாலைக் குறைந்த அளவில், வழக்கமாக 100 மில்லிகிராமிலோ அதற்கும் கீழோ தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றி, யூரிக் ஆசிட்டை 6-க்குக் கீழே வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி அடிக்கடி வரலாம், அதனால்தான் மூன்றிலிருந்து ஆறு மாதம் குறைந்த அளவு கோல்சிசினும் கூடவே தருவார்கள். விட்டுவிட்டுப் போட்டால் அளவு ஏறி இறங்கி, அதுவே புதிய தாக்குதலைக் கிளப்பும். பீரை நிறுத்தச் சொல்லுங்கள், பாட்டில் குளிர்பானத்தையும்தான். மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதத்தில் தோலில் தடிப்பு, வாயில் புண், காய்ச்சல் எது வந்தாலும் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.